மின்மாற்றியைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது

மின்வாகனமும் கூரைச் சூரியத் தகடும் பெருகுவதால் தெருவுக்குத் தெரு பெரிய மின்மாற்றி வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. குடியிருப்புத் தெருக்களில் மின்மாற்றி திணறுவது மாலை விளக்கு வைத்த பிறகு சில மணி நேரம்தான்.

நண்பகல் நிலைமை வேறு. எங்கள் தெருக்கோடி வீட்டில் பளீரென்று வெயில் அடிக்கும்போதே, சூரியத் தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது. கூரைகளிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் பாய்கிறது, எடுத்துக்கொள்ள ஆளில்லை; மின்னழுத்தம் 250 வோல்ட்டைத் தாண்டி ஏறுகிறது, வரம்பைத் தொட்டதும் கருவி தானாகத் துண்டித்துக்கொள்கிறது. காசில்லாமல் கிடைக்கும் மின்சாரம் இப்படி வீணாவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மேல்நிலைத் தொட்டி மோட்டார், ஸ்கூட்டர் சார்ஜ், வயல் பம்பு செட் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு நகர்த்தலாமே! சூரிய ஒளி நேரத்தில் கட்டணத்தைக் குறைந்தது 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2023 விதித் திருத்தமே சொல்கிறது. அதற்கு, எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் செலவானது என்று பதியும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். முதலில் அதை வீடுகளில் பொருத்துங்கள். மின்மாற்றிவாரியாகச் சுமைக் கணக்கையும் மக்கள் பார்வைக்கு வையுங்கள். எங்கே நண்பகல் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பேட்டரி போதும், எங்கே புது மின்மாற்றியே தேவை என்பது அப்போது தெரிந்துவிடும்.