கடைசியாக வீசியவருக்கே வெற்றியா?

"பேஸ்பாலில் கடைசிப் பந்தை வீசுபவருக்கே வெற்றி சேரும்" என்ற வாட்ஸ்அப் செய்தியை, கொடைக்கானல் ஏழு ரோடு டீக்கடையில் பனியில் ஈரமான கைப்பேசியை நீட்டி ஒருவர் காட்டினார். தவறான செய்தி.

அணி இறுதிவரை இழக்காத முன்னிலையை எட்டும்போது யார் அதன் பிட்சரோ (பந்து வீசுபவர்), வெற்றி அவர் பெயரில் பதிவாகும். ஆட்டத்தைத் தொடங்கியவர் என்றால் 5 இன்னிங்ஸாவது (ஆட்டத்தின் ஒன்பது சுற்றுகளில் ஐந்து) வீசியிருக்க வேண்டும். நான்கோடு விலகினால், 10 ரன் முன்னிலை இருந்தாலும் பின்னால் வந்த ஒருவருக்கே ஸ்கோரர் வெற்றியை எழுதுவார். கொடுமைதான்!

முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பவருக்குக் கிடைப்பது 'சேவ்'. 1969 முதல் அதிகாரபூர்வக் கணக்கு. 5-3 என்ற நிலையில் வந்து ஒன்பதாவது இன்னிங்ஸ் முழுவதையும் வீசிக் காத்தால் சேவ் உண்டு. 9-3 என்றால் முன்னிலை பெரிது; அதே உழைப்புக்கு ஒன்றுமில்லை. ஆட்டத்தை முடித்துக் கொடுப்பதில் புகழ்பெற்ற அமெரிக்க லீக் பிட்சர் மரியானோ ரிவேராவின் கணக்கில் சேவ் 652, வெற்றி வெறும் 82.