எல்லாத்தையும் ஆஃப் பண்ணினால் அது ரியலிசம் ஆகிவிடுமா?

பைக் ரேஸ் கேம் குரூப்களில் அடிக்கடி கண்ணில் படும் பெருமை இது: "டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஆன்டி வீலி எல்லாம் ஜீரோ. அதுதான் ரியல்." முதலாவது பின் சக்கரம் வழுக்காமலும், இரண்டாவது முன் சக்கரம் மேலே தூக்காமலும் தடுக்கும் மின்னணு உதவிகள். உலக பைக் பந்தயமான மோட்டோஜிபியின் ரியல் பைக்கில் இவை இரண்டுமே இருக்கின்றன. 2016 முதல் எல்லா அணிகளுக்கும் ஒரே இசியு (பைக்கின் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஒரே மென்பொருள். அதில் இல்லாதது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்தான். ஆக, ஏபிஎஸ்ஸை விட்டுவைத்து டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைப்பவர் நிஜத்துக்கு நேர் எதிர்த் திசையில் போகிறார்.

இந்த கேம்கள் கஷ்டமாக இருப்பதற்குக் காரணம் வேறு. ரைடருக்கு இரண்டு கை, இரண்டு கால், உடம்பு எடை எல்லாம் வேலை செய்யும். டயர் வழுக்கத் தொடங்குவதை சீட்டிலேயே உணர்வார். நமக்கு இருப்பது கட்டைவிரலும் ஒரு ஸ்டிக்கும். வலப்பக்கம் சாய ஹேண்டில்பாரின் வலப்புறத்தைத் தள்ளும் கவுன்டர் ஸ்டியரிங்கைப் பெரும்பாலும் கேமே செய்துவிடுகிறது. அதைத் தப்பாகச் செய்து கஷ்டத்தைக் கூட்டினால், அது ரியலிசம் இல்லை, கோளாறு.

அப்புறம் எதை முதலில் மாற்றலாம்? முன், பின் பிரேக்கைத் தனித்தனியாக்குங்கள். இத்தாலியின் முஜெல்லோ டிராக்கில் முதல் வளைவுக்கு 350 கி.மீ.க்கு மேல் வந்து, சுமார் 90-க்குக் குறைக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் ஒரேயடியாக அழுத்தினால் பின் சக்கரம் தூக்கும், பைக் ஆடும். பின் பிரேக்கை ஒரு கணம் முன்னதாக லேசாகத் தொட்டால் அடங்கும்.

புதியவர்கள் விழுவது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில், அதாவது பிரேக் பிடித்தபடியே சாயும்போது. டயருக்கு இருக்கும் பிடிப்பு மொத்தமாக ஒரு அளவுதான். பிரேக்குக்குப் போனது போக மிச்சம்தான் திரும்புவதற்கு. ஸ்டிக்கை எவ்வளவு சாய்க்கிறீர்களோ அந்த அளவுக்கு பிரேக் டிரிகரை விட்டுக்கொண்டே வாருங்கள். முழுச் சாய்வில் பிரேக் ஏறக்குறைய இருக்கவே கூடாது. இல்லையென்றால் முன் டயர் மடங்கி, பைக் கீழே. இதற்காக எதிராளிகளின் லெவலைக் குறைப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எதிராளி மெதுவாக ஓட்டினால் உங்கள் முன் டயருக்கு என்ன லாபம்? டிரிகர் சென்சிடிவிட்டியைக் குறைத்துப் பாருங்கள், பலன் தெரியும்.

டிராக்‌ஷன் கன்ட்ரோலைத் தொடுவது கடைசியில், ஒவ்வொரு படியாக. குறைத்ததும் ஹைசைட் வரும்: சாய்வில் ஆக்சிலரேட்டரைத் திறக்க, பின் டயர் வழுக்கும், பயந்து பட்டென்று மூடினால் டயர் திடீரென்று பிடித்து ரைடரைத் தூக்கி எறியும். பைக்கை நிமிர்த்திவிட்டுத் திறங்கள். வழுக்கினால் பாதி மட்டும் விடுங்கள்.

என்னைக் கேட்டால் ரியலிசத்தின் அளவுகோல் ஜெர்மனியின் ஜாக்சென்ரிங் டிராக். 13 வளைவில் 10 இடது. தொடர் இடது வளைவுகளில் டயரின் வலப்பக்கம் ஆறிவிடும். 11-ஆவது வளைவு வலது, வேகமான இறக்கம். நிஜத்தில் அங்கே பெரிய பெயர்களும் விழுந்திருக்கிறார்கள். அந்த ஆறிய ரப்பரை நம் விரலுக்கு உணர்த்தும் கேமுக்கு, கிராபிக்ஸ் சுமாராக இருந்தாலும் காசு கொடுக்கலாம்.

மோட்டோஜிபி 24 கேமில் வந்த அடாப்டிவ் டிஃபிகல்டியைப் பழகும் காலத்தில் அணைத்துவையுங்கள். நீங்கள் வேகமானால் எதிராளிகளும் வேகமாவார்கள், முன்னேறியது தெரியாது. டைம் டிரையலில் உங்கள் லேப் நேரத்தோடு மட்டும் போட்டி போடுங்கள்.