கூண்டு எதற்கு என்று கேட்டவருக்கு

மத்திய அமெரிக்க நாடான பெலீஸில் உள்ள உயிரியல் பூங்காவைப் பற்றிய இக்கட்டுரைக்குக் கீழே, "மீட்ட விலங்கைக் காட்டில் விட வேண்டியதுதானே?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கேட்பது சுலபம். மாட்டை அடித்ததற்காகச் சுடப்பட்ட ஜாகுவாருக்கு உடம்பில் ஈயச் சன்னங்கள், உடைந்த கோரைப்பல். அது எதை வேட்டையாடும்? மறுபடியும் தொழுவத்துக்குத்தான் வரும். இம்முறை குறி தப்பாது. புட்டிப்பால் குடித்து வளர்ந்த டேபிர் (பன்றி போன்ற உடலும் குட்டித் தும்பிக்கையும் கொண்ட தாவர உண்ணி) குட்டியோ மனிதனைக் கண்டால் ஓடாமல் கிட்டே வந்து மோப்பம் பிடிக்கும்.

1983-இல், ஓர் ஆவணப்படத்துக்காக வைத்திருந்து படம் முடிந்ததும் கைவிடப்பட்ட விலங்குகளைக் கொண்டு, அவற்றைப் பராமரித்துவந்த ஷாரன் மட்டோலா தொடங்கிய இடம் இந்தப் பூங்கா. உள்நாட்டு விலங்குகள் மட்டுமே. சிங்கமும் இல்லை, ஒட்டகச்சிவிங்கியும் இல்லை. எனக்குப் பிடித்ததே அந்தப் பிடிவாதம்தான். கட்டுரையாளர் அதை ஒரே வரியில் கடந்துவிட்டாரே!