மூன்றாம் பக்கத்தோடு நின்றுபோன விடைத்தாள்

வீடு புதுச்சேரியில், வேலை கடலூரில் ஒரு கல்லூரியில். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பஸ்ஸில் ஏறும் காவலர் பைகளைத் தட்டிப் பார்ப்பார். பாட்டில் என்றால் சத்தம் கேட்கும். கஞ்சாப் பொட்டலமும் மாத்திரை அட்டையும் சத்தம் போடுவதில்லை.

போன ஆண்டு ஒரு பொருளியல் விடைத்தாளைத் திருத்தினேன். முதல் இரண்டு பக்கங்களும் முத்து முத்தான கையெழுத்து. மூன்றாம் பக்கத்தில் ஒரே வாக்கியம் அடுத்தடுத்து மூன்று முறை. நான்காவதில் கேள்வி எண் மட்டும். முதல் பருவத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து என்னைக் கேள்வியால் துளைத்த பையன் அவன். முதலில் காலை வகுப்புகளுக்கு வராமல் போனான், பிறகு அகமதிப்பீட்டுத் தேர்வுகளுக்கு. வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியபோதுதான் அலுவலகம் விழித்தது.

"சனி, ஞாயிறு மட்டும்தான் சார்" என்றான். கஞ்சாவில் போதை தருகிற டி.எச்.சி. கொழுப்பில் கரையக்கூடியது. தொடர்ந்து புகைப்பவர் உடலில் அது வாரக்கணக்கில் தங்கும், திங்கட்கிழமை என்று பார்த்துக் கிளம்பிவிடாது. சற்றுமுன் கேட்டதைப் பிடித்து வைக்கும் நினைவைத்தான் அது முதலில் கெடுக்கிறது. அந்த மூன்றாம் பக்கம் வேறென்ன? (அரியர் விழுந்த வெறுப்பில் இதைத் தொட்டவர்களும் உண்டு. எல்லாப் பழியையும் பொட்டலத்தின் மேல் போட்டுவிட்டு ஆசிரியர்கள் நாங்கள் நழுவிவிட முடியாது.)

ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோம். அந்தக் கோப்பில் என் கையெழுத்தும் இருக்கிறது. முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் அவன் அப்பா, சட்டையில் மீன் வாடை அடிப்பதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "எத்தனை நாளாக வரவில்லை ஐயா? ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றார். நாங்கள் ஆறு குறுஞ்செய்திகள் அனுப்பியிருந்தோம். பதிவேட்டில் தந்தையின் எண் என்று இருந்தது பையனின் இரண்டாவது சிம்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவோடு சிக்கிய அடிமை, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். சட்டமே கொடுக்கிற அந்த ஒரு வாய்ப்பைக் கல்லூரி ஏன் கொடுப்பதில்லை? ஆகஸ்டில் கையை நீட்டிப் போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறோம், புகைப்படமும் எடுக்கிறோம். போதையிலிருந்து மீள உதவும் 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னால் "கல்லூரிப் பெயர் கெடும்" என்கிறார்கள்.

இந்தப் பருவம் என் வகுப்பில் 62 பேர். முதல் நாளே பாடம் நடத்தாமல், பதிவேட்டில் இருந்த பெற்றோர் எண்களை ஒவ்வொன்றாக அழைத்தேன். நான்கு எண்கள் அந்த வகுப்பறைக்குள்ளேயே ஒலித்தன.