மூன்றாம் நாள் தாயிடம் "பால் இல்லை" என்று சொல்லாதீர்கள்

அந்த வீடியோவை இரண்டு நாளாக எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். நான் இங்கே போடவில்லை, அந்தப் பெண்ணின் முகம் அதில் தெரிகிறது. பிள்ளை பெற்று மூன்றாம் நாள். தாய்ப்பால் எடுக்கிற பம்ப் புட்டியின் அடியில் மஞ்சளாக ஒரு ஸ்பூன் அளவு. அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இதுவா பாலு? இது எப்படிப் புள்ளைக்குப் பத்தும்?" என்கிறது ஒரு குரல். கட்டிலில் இருப்பவள் ஒன்றும் பேசாமல் நைட்டி பட்டனைப் போட்டுக்கொள்கிறாள். கீழே வரிசையாக, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எங்க பால் ஊறுது?"

அவளுக்குப் பால் இருக்கிறது. வீடியோவிலேயே தெரிகிறதே! அந்த மஞ்சள்தான் சீம்பால்.

பிறந்த முதல் நாள் பிள்ளை ஒரு வேளைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லி. இரண்டாம் நாள் 5 முதல் 15. மூன்றாம் நாள் 15 முதல் 30. மார்பு கனத்துப் பால் இறங்குவதே அதை ஒட்டித்தான். தலைப்பிரசவத்திலும் சிசேரியனிலும் நாலாம் நாள், ஐந்தாம் நாள்கூட ஆகும். அதுவரை கொஞ்சமாகச் சுரப்பதுதான் இயற்கை. அந்தக் கொஞ்சத்தில்தான் நோய் எதிர்ப்புப் புரதங்கள் அடர்த்தியாக இருக்கின்றன. பிள்ளையின் குடலுக்கு முதல் பூச்சு அதுதான்.

பம்பில் வந்ததை வைத்து ஒரு தாயின் பாலை அளக்கவே கூடாது. சீம்பால் பிசுபிசுப்பானது, பாதி அந்த பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். முதல் மூன்று நாளைக்கு எடுக்க வேண்டுமானால் கையால் எடுங்கள். காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால் கட்டைவிரல் மேலேயும் ஆள்காட்டி விரல் கீழேயும். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து, விட வேண்டும். அழுத்து, சேர், விடு. தோல்மேல் விரலை இழுத்துத் தேய்க்கக் கூடாது, காம்பைக் கிள்ளவே கூடாது. ஒரு நிமிடம் ஒன்றும் வராது. பிறகு சொட்டும். ஸ்பூனிலோ பாலாடையிலோ பிடித்து அப்படியே ஊட்டலாம்.

போதுமா என்று தெரிய வேண்டுமா? புட்டியைப் பார்க்காதீர்கள், பிள்ளையின் துணியைப் பாருங்கள். முதல் நாள் ஒரு தடவையாவது ஒன்றுக்குப் போகும், இரண்டாம் நாள் இரண்டு, ஐந்தாம் நாளிலிருந்து ஆறு தடவைக்கு மேல். கருப்பாகப் போன மலம் நாலைந்து நாளில் மஞ்சளாகும். எடை முதல் சில நாளில் 7 சதவீதம் வரை குறைவது வழக்கம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். இதெல்லாம் சரியாக இருந்தால் பால் போதும். பிள்ளை அழுவது மட்டும் பசிக்கு அத்தாட்சி ஆகாது.

இனி உண்மையான கேள்விக்கு வருகிறேன். பிள்ளையை எப்போது மார்பில் போட்டார்கள்?

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்கிறது: இந்தியாவில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் 41.8 சதவீதம். டாக்டர், நர்ஸ் எல்லாரும் இருக்கிற இடத்தில் பிறந்தும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் போய்விடுகிறது. அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றில் ஏறத்தாழ 45 பிரசவம் சிசேரியன். "ஆபரேஷன் ஆன உடம்பு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று எத்தனை வார்டில் சொல்கிறார்கள்! முதுகில் ஊசி போட்டுச் செய்த சிசேரியன் என்றால் தாய் விழித்துத்தான் இருக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆள் நின்று பிடித்துக்கொண்டால் முதல் மணி நேரத்திலேயே ஊட்டலாம். தையலில் பாரம் விழாமல் பிள்ளையை அக்குள் பக்கமாக இடுக்கி, கால்கள் தாயின் முதுகுப் பக்கம் போகிறபடி தலையணையில் படுக்க வைத்தால் போதும். வேண்டியது அந்த ஒரு ஆள்தான்.

அந்த ஆள் இல்லாத இடத்தில் பவுடர் டின் வருகிறது. 30 மில்லி கலந்து கொடுக்கிறார்கள், பிள்ளை நாலு மணி நேரம் அசந்து தூங்குகிறது. "பாருங்க, பசிதான்" என்று வீடே நிம்மதியாகிறது. அந்த நாலு மணி நேரம் மார்பை யாரும் சப்பவில்லை. சப்பினால்தான் புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கும், புரோலாக்டின் இருந்தால்தான் பால் ஊறும். ஊறியதும் வெளியேறாமல் தேங்கினால் இனிச் சுரக்க வேண்டாம் என்று மார்பே நிறுத்திக்கொள்ளும். புட்டியில் தானாக வழிகிற பாலுக்குப் பழகிய பிள்ளை மார்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். பத்து நாளில் "பால் இல்லை" என்ற பேச்சு உண்மையாகிவிடும். பால் இல்லாமல் போகவில்லை, இல்லாமல் ஆக்கினோம். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. தேன் இன்னும் மோசம், ஒரு வயதுக்கு முன் அதில் பாட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கே வழி இருக்கிறது.

"அப்போ பசியில கத்துற பிள்ளையை அப்படியே விடச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், ஒன்றுக்குப் போவது குறைந்தால், மஞ்சள் காமாலையோடு எழுப்பினாலும் எழாமல் கிடந்தால், சர்க்கரை அளவு இறங்கினால் உடனே டாக்டரிடம் போங்கள். கூடுதல் பால் தேவையென்று அவர் சொன்னால் முதலில் தாயிடம் கையால் எடுத்த பால், அடுத்து தாய்ப்பால் வங்கிப் பால், அதுவும் இல்லாவிட்டால்தான் பவுடர். எதுவானாலும் பாலாடையில். அதைச் செய்கிற தாயை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

"எங்க பிள்ளைங்க பவுடர் குடிச்சு வளரலையா?" வளர்ந்தார்கள், சந்தோஷம். ஆனால் பவுடர் கிருமி நீக்கிய பொருள் அல்ல. கொதித்து ஆறத் தொடங்கிய, 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலந்து, பிறகு குளிரவைத்துக் கொடுக்க வேண்டும். எத்தனை வீட்டில் அப்படி நடக்கிறது? மாசக் கடைசியில் டின் தீரப்போகிறதென்று ஒரு கரண்டி குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிற வீடுகளும் இருக்கின்றன. அங்கே பிள்ளை வயிறு நிறைந்தே மெலியும்.

இன்னொன்று. 1992-லிருந்து நம் நாட்டில் சட்டம் இருக்கிறது, 2003-ல் இன்னும் கடுமையாக்கினார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடரையும் புட்டியையும் யாரும் விளம்பரம் செய்யக் கூடாது, இலவசமாகக் கொடுக்கக் கூடாது. யாரும் என்றால் யாரும். அந்த வீடியோவின் கடைசியில் டின்னைக் கேமராவுக்கு நேராகத் திருப்பி வைத்தவர்களும் அதில் அடக்கம்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை யாரும் கேட்பதே இல்லை. காம்பு வெடித்து ரத்தம் கசிகிற தாயிடம் "பொறுத்துக்கோ, எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் கவ்வியிருக்கும். சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு, பிடியைத் தளர்த்தி எடுங்கள். காம்பு பிள்ளையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும். கொட்டாவி விடுகிற மாதிரி வாயைப் பிளக்கும்வரை காத்திருந்து, மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகாமல் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். தாடை மார்பில் பதிந்திருக்க வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும், கருவட்டம் மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தெரிய வேண்டும். சரியாகப் பிடித்ததும் அந்தத் தாயின் தோள் இறங்குவதைப் பார்க்கலாம். அதுவரை காதுவரை ஏறியிருந்த தோள். பிறகு அறை அமைதியாக இருந்தால் பிள்ளை விழுங்குகிற சின்னச் சத்தம் கேட்கும்.

ஊறிய பால் மார்பிலிருந்து வெளியே வருவது ஆக்ஸிடோசின் என்ற இன்னொரு ஹார்மோனால். பயத்திலும் அவமானத்திலும் வலியிலும் அது தடைபடும். இதைத்தான் இரண்டு நாளாகச் சொல்லத் தவிக்கிறேன். அந்தக் குரல் "இதுவா பாலு" என்று கேட்டதே, அந்தக் கேள்வியே அடுத்த வேளைப் பாலைத் தாமதமாக்கும். பூண்டும் பால் சுறாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு இப்படிப் பேசினால் என்ன பயன்? அவள் தூங்கவில்லை, தையல் இழுக்கிறது, ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை ஊட்ட வேண்டும், இரவிலும். அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க, பிள்ளையின் துணி மாற்ற, ஏப்பம் வரத் தோளில் போட்டுத் தட்ட வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள்? வீடியோ எடுக்க ஒருவர் இருந்தார்.

கடைசி இரண்டு விநாடியை மறுபடி பாருங்கள். அந்தப் புட்டியை வாஷ்பேசின் ஓரமாக வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு ஸ்பூன் மஞ்சளை யாராவது பிள்ளையின் உதட்டில் வைத்திருக்கலாம்.