குளிரால் வரும் காணாக்கடிக்கு ஐஸ் தண்ணீர்க் குளியல் மருந்தல்ல

"தினமும் ஐஸ் தண்ணீரில் குளித்தால் குளிரால் வரும் காணாக்கடி அடியோடு போய்விடும், மாத்திரையே வேண்டாம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. குளிர் பட்டதும் தோலில் அரிப்போடு தடிப்பு எழுவதுதான் இந்தக் காணாக்கடி. தயவுசெய்து நம்பி இறங்காதீர்கள். உடம்பு முழுக்க ஒரேயடியாகக் குளிர்ந்தால் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் ஏராளமாக வெளியேறி, ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். நீந்தும்போது இப்படி ஆகி உயிரே போனதுண்டு. சிறிது சிறிதாகக் குளிருக்குப் பழக்கும் முறை இருப்பது உண்மைதான். ஆனால் அது மருத்துவர் கண்காணிப்பில் தொடங்குவது. நிறுத்தினால் பலனும் போய்விடும்.

சரி, மாத்திரை? ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கும் ஆன்டிஹிஸ்டமின்களில், தூக்கம் அதிகம் தராத புதியவையே முதல் சிகிச்சை. அவற்றில் ஒன்றான பிலாஸ்டினை 20, 40, 80 மில்லிகிராம் என உயர்த்திப் பார்த்த ஆய்வில், முன்பைவிடக் கூடுதல் குளிரையும் பலர் தடிப்பில்லாமல் தாங்கினார்கள். அளவைக் கூட்டுவது மருத்துவர் முடிவு. அதற்கும் அடங்காதவர்களுக்கு ஒமாலிசுமாப் ஊசி உதவுவதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.