காபி வந்தது, காசு வரவில்லை

1930-களின் அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தம் பற்றிப் பேச்சு வந்தாலே அப்போதைய ஜனாதிபதி ஹூவர் வில்லன், அவருக்குப் பின் வந்த ரூஸ்வெல்ட் கதாநாயகன் என்று முடித்துவிடுகிறோம். போனஸ் சிப்பாய்கள் கதை தெரிந்த பிறகு எனக்கு அது அவ்வளவு சுலபமாக இறங்குவதில்லை.

முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்கு, உள்நாட்டில் இருந்த நாளுக்கு ஒரு டாலர், கடல் கடந்து இருந்த நாளுக்கு ஒன்றேகால் டாலர் என்று கணக்குப் போட்டு போனஸ் தர 1924-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கையில் கிடைத்தது ஒரு பத்திரம்தான். பணம் 1945-ல். நடுவில் ஆள் போய்விட்டால் குடும்பத்துக்கு. 'கல்லறை போனஸ்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

வேலை போய், சேமிப்பு வைத்திருந்த வங்கியும் மூடிய பிறகு, அப்படி ஒரு காகிதம் பெட்டிக்குள் கிடந்தால் யார் சும்மா இருப்பார்கள்? 1932 மே மாதம் ஒரேகான் மாநிலத்தில் வால்டர் வாட்டர்ஸ் என்ற வேலையில்லாத முன்னாள் சார்ஜன்ட் தலைமையில் சில நூறு பேர் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு, போனஸை இப்போதே கொடுங்கள் என்று கேட்க வாஷிங்டனுக்குக் கிளம்பினார்கள். பின்னாலேயே நாடெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர், பலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு. அனகோஸ்டியா ஆற்றங்கரைச் சேற்றில், குப்பைமேட்டில் பொறுக்கிய தகரத்தையும் பலகையையும் வைத்துக் குடிசை போட்டார்கள். ராணுவத்தில் கறுப்பருக்குத் தனிப்படை. இங்கே குடிசைகள் பக்கத்துப் பக்கத்தில். ஊர் போலீஸ் தலைவர் கிளாஸ்ஃபோர்ட் மோட்டார் சைக்கிளில் வந்து, சாப்பாட்டுக்குத் தன் கைக்காசையும் போட்டார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஒரே அதிகாரி அவர்தான்.

போனஸை உடனே கொடுக்கும் மசோதா நாடாளுமன்றக் கீழவையில் தேறியது. ஜூன் 17-ல் மேலவையான செனட் 62-க்கு 18 என்று தள்ளிவிட்டது. அப்புறம் பெரிய மனது பண்ணி ஊர் திரும்ப ரயில் கட்டணம் தந்தார்கள். அதுவும் கடன், போனஸிலிருந்து கழித்துக்கொள்வார்களாம்!

ஜூலை 28-ல் நடந்தது பலருக்கும் தெரியும். போகாமல் இருந்தவர்களை வெளியேற்றப் போன போலீஸ் சுட்டதில் இரண்டு முன்னாள் சிப்பாய்கள் விழுந்தார்கள். ராணுவத் தலைமைத் தளபதி மெக்ஆர்தர் குதிரைப்படை, டாங்கி, கண்ணீர்ப்புகையோடு இறங்கினார். ஆற்றுப்பாலத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஹூவர் சொல்லி அனுப்பியும் படை தாண்டியது. இரவு குடிசைகள் எரிந்தன. அந்தப் புகையில்தான் ஹூவர் தேர்தலில் தோற்றார் என்பார்கள். நாலில் ஒருவருக்கு வேலையில்லாத நாட்டில் அவர் எப்படியும் தோற்றிருப்பார் என்பது என் எண்ணம்.

சரி, ரூஸ்வெல்ட் என்ன செய்தார்? 1933 மே மாதம் மறுபடி வந்தவர்களுக்குக் கூடாரம், மூன்று வேளைச் சாப்பாடு, காபி. மனைவி எலினார் சேற்றில் நடந்து போய் அவர்களோடு பாட்டுப் பாடினார். அழகான காட்சிதான். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் முன்னாள் சிப்பாய்களின் உதவித்தொகையை வெட்டும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. போனஸுக்கும் முடியாது என்றார். சீருடை போட்டதற்காக ஒருவருக்குத் தனிச் சலுகை கூடாது, உதவி எல்லா ஏழைக்கும் போகட்டும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் இவர்கள் கேட்டது சலுகையா? எழுதிக் கொடுத்த கடனை முன்கூட்டிக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு வேலையில்லாத சிப்பாய்கள் பலரை நிவாரண வேலை என்று ஃப்ளோரிடா கீஸ் தீவுகளுக்குச் சாலை போட அனுப்பினார்கள். 1935 செப்டம்பர் 2, புயல். மியாமியிலிருந்து மீட்பு ரயில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கடல் அலை அதன் பெட்டிகளையே புரட்டிப் போட்டது. முகாம்களில் இருந்தவர்களில் 250-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களுக்கு அது நிஜமாகவே கல்லறை போனஸ் ஆனது.

1936 ஜனவரியில் ரூஸ்வெல்ட்டின் வீட்டோவை மீறி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், போனஸை உடனே கொடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூன் மாதம் தபால்காரர்கள் வீடு வீடாகப் போய் உடனே காசாக்கிக்கொள்ளக்கூடிய ஐம்பது டாலர் பத்திரங்களைக் கொடுத்தார்கள்.